காலி டப்பா ஆசாமி

அத்தியாயம் 4

“இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அந்த ஆளைப் பிடிச்சாகணும் மேடம். இல்லேன்னா எங்க சந்தைக்கு ஈ கூட எட்டிப் பார்க்காது” என்றார் யாவ் யுங்-ஃபா.

சொன்ன கையோடு ஒரு கிராபிக்ஸ் கார்டு டப்பாவை மேஜைமேல் டொக்கென்று வைத்தார். மேஜை எங்கள் துப்பறியும் நிறுவனத்தினுடையது. அதன்மேல் இருந்த பன்றிக்கறிச் சோறு என்னுடையது. டப்பா இடித்ததில் கிண்ணம் விளிம்பு வரைக்கும் போய்த் தொங்கியது. பாய்ந்து காப்பாற்றினேன். இந்த வழக்கில் நான் செய்த உருப்படியான காரியங்கள் மொத்தம் இரண்டு. அது முதலாவது.

“திறந்து பாருங்க” என்றார் யாவ்.

திறந்தேன். கார்டு இருக்க வேண்டிய இடத்தில், பஞ்சுக்குள் பத்திரமாக, ஒரு குளியலறை டைல்ஸ் படுத்திருந்தது. தட்டிப் பார்த்தேன்.

“நல்ல டைல்ஸ். வழுக்காது.”

யாவ் சிரிக்கவில்லை. தைப்பே கணினிச் சந்தை வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர் அவர். ஆறு மாடி, இருநூறு கடை. மூன்றாவது மாடியில் அவருக்கும் ஒன்று. இப்படி டைல்ஸ் வாங்கி ஏமாந்தவர்கள் இதுவரைக்கும் மூன்று பேர். இன்டர்நெட்டில் எவனோ சந்தையின் பெயரைப் போட்டு விற்றிருக்கிறான். டப்பா அசல். சீல் அசல் மாதிரி. உள்ளே மட்டும் குளியலறை.

“யார்னு எனக்குத் தெரியும்” என்றார் யாவ். “ரெண்டு வாரமா ஒருத்தன் கடை கடையா ஏறி இறங்குறான். ஒரு பொருள் வாங்க மாட்டான். ‘காலி டப்பா இருக்கா, காலி டப்பா இருக்கா’ன்னு அதே பாட்டு. நானே என் கையால மூணு குடுத்தேன். இதே மாதிரி, மூணு ஃபேன் வெச்ச கார்டோட டப்பா. பாவம்னு நினைச்சேன். போறப்ப இந்தச் சீட்டை என் கடையில விட்டுட்டுப் போயிட்டான்.”

துங் அக்கா சீட்டை வாங்கினார்.

துங் பாய்-லிங் என்பது முழுப்பெயர். வயது ஐம்பத்தெட்டு. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் இருபத்திரண்டு வருடம், வாடிக்கையாளர் மாதிரி சுற்றிவந்து திருடர்களைப் பிடித்தவர். இன்றைக்கும் யார் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். கம்ப்யூட்டர் என்றால் அவரைப் பொறுத்தவரை டைப்ரைட்டருக்கும் டெலிவிஷனுக்கும் பிறந்த பிள்ளை, அவ்வளவுதான்.

அதனால்தான் என்னை வைத்திருக்கிறார். நான் லியன் கை. அதே சந்தையில் பதினோரு வருடம் பாகங்கள் விற்றவன். “இவ்வளவு பெரிசு உங்களுக்கு வேண்டாம் சார்” என்று வாடிக்கையாளர்களிடம் உண்மையைச் சொன்னதற்காக மூன்று கடைகளிலிருந்து விரட்டப்பட்டவன்.

சீட்டில் ஒரு கம்ப்யூட்டருக்கு வேண்டிய பாகங்கள் பொடிப்பொடியாக எழுதியிருந்தன. வெள்ளைக் கேபினட், சின்னது. கார்டு, இரண்டு ஃபேன் வைத்தது. கூலர், காற்றில் குளிர்வது, தண்ணீர் வேண்டாம். முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீளம், அகலம், உயரம். கூலரின் தகடுகள் எத்தனை என்றுகூட ஒரு எண்.

“எப்படி இருக்கு லிஸ்ட்?” என்றார் துங் அக்கா.

“கிறுக்கு லிஸ்ட். மெஷின் கட்டறவன் முதல்ல வேகத்தை எழுதுவான், மெமரி எவ்வளவுன்னு எழுதுவான். இவன் தையக்காரன் மாதிரி அளவு மட்டும் எடுத்திருக்கான். டப்பாவுக்குள்ள டைல்ஸ் கச்சிதமா உக்காரணும்ல? அதுக்குத்தான்!”

“அதேதான்!” என்று யாவ் தொடையைத் தட்டினார்.

துங் அக்கா எதையும் தட்டவில்லை. சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

“வா, போலாம்.”

“சோறு?”

“தூக்கிட்டு வா.”

* * *

சீட்டில் இருந்த கூலரை விற்கிற கடை இரண்டாவது மாடியில் இருந்தது. கடைக்காரி சின்-யா எனக்குப் பழைய சிநேகிதி. கூலர்கள் நடுவே உட்கார்ந்திருந்தும் வியர்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, கை வந்துட்டான்! இருக்கிற ரெண்டு கிராக்கியையும் விரட்டிடாதடா.”

“உன் மூஞ்சியைப் பார்த்தே ஓடியிருப்பாங்க. காலி டப்பா கேட்டு ஒருத்தன் வந்தானாமே?”

“அவரா? வந்தார். ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு. பாவம், நல்ல மனுஷன்.” சின்-யா ஒரு கூலரை எடுத்துக் காட்டினாள். “இதைக் கையில வெச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் நின்னார். ஒவ்வொரு தகடா எண்ணினார். டேப் வெச்சு அளந்தார். காத்து எந்தப் பக்கம் போகும், எந்தப் பக்கம் வரும்னு நாலு தடவை கேட்டார். அப்புறம், ‘சத்தம் போடாதுல்ல? அவனுக்குச் சத்தம் ஆகாது’ன்னார்.”

“யாருக்கு?” என்றார் துங் அக்கா.

“கேட்டேன். அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார்.”

“விலை கேட்டாரா?”

சின்-யா யோசித்தாள். “கேக்கலையே. பதினாலு வருஷத்துல என்கிட்ட விலை கேக்காத ஒரே ஆள் அவர்தான்.”

“டப்பா குடுத்தியா?”

“குடுக்க இருந்தாத்தானே! வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சங்கத்துல வந்து காலி டப்பாவை எல்லாம் அள்ளிட்டுப் போயிடறாங்க, பழைய பேப்பருக்குப் போடறோம்னு. மாடிப்படிக்குக் கீழே ஒண்ணு நசுங்கிக் கிடந்தது. அதை எடுத்துக் குடுத்தேன். தங்கம் கிடைச்ச மாதிரி கும்பிட்டார்.”

“அவர் கை எப்படி இருந்தது?”

“கையா? விரல் எல்லாம் வெள்ளையா, பிசுபிசுன்னு… மைதாப் பசை மாதிரி.”

வெளியே வந்ததும் நான் சோற்றை முடித்துவிட்டு என் முடிவை அறிவித்தேன்.

“பசை இருக்கு, டப்பா இருக்கு, அளவு இருக்கு. கேஸ் முடிஞ்சது அக்கா. ‘அவனுக்குச் சத்தம் ஆகாது’ன்னானே, அவன்தான் கூட்டாளி. எங்கயோ குடோன்ல கமுக்கமா உக்காந்து சீல் ஒட்டறான்.”

“சரி. யாவ் சொன்ன மூணு ஃபேன் கார்டு எவ்வளவு நீளம்?”

“முப்பத்திமூணு சென்டிமீட்டர்.”

“லிஸ்ட்ல இருக்கிற கேபினட்டுல எவ்வளவு வரைக்கும் போகும்?”

“இருபத்தொன்பது. அதுக்குமேல ஒரு நூல் போகாது.”

“அப்ப அந்த டப்பா அவனுக்கு எதுக்கு?”

நான் சோற்றுக் கிண்ணத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். என் குடோனும் கூடவே போயிற்று.

துங் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தார். ஒரு எண்ணை அழுத்தினார்.

“ஹலோ, ஒரு கம்ப்யூட்டர் வேணும், செஞ்சு தருவீங்களா?… பெரிசா சின்னதா? யோசிச்சுச் சொல்றேன்.” வைத்துவிட்டார். அடுத்த எண். “கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும்… ரெண்டு வாங்கினா பிரிண்டர் இலவசமா? அடடா. அப்புறம் கூப்பிடறேன்.”

“அக்கா, யார்கிட்ட பேசறீங்க? சந்தைக்குள்ளேயே நின்னுக்கிட்டு…”

கையைக் காட்டி அடக்கினார். மூன்றாவது எண். “ஹலோ, ஒரு கம்ப்யூட்டர்…”

மறுமுனையில் ஒரு பெண் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. “கம்ப்யூட்டரா? அம்மா தாயே, ஆளை விடு! ஒரு கம்ப்யூட்டரால ரெண்டு வாரமா நான் படற பாடு போதும்!”

துங் அக்கா கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு அன்று முதல்முறையாகப் புன்னகைத்தார்.

“கிடைச்சுட்டான். வான்ஹுவா பேட்டை. கோயிலுக்குப் பின்தெரு.”

டாக்சியில் ஏறியதும் நான் யாவுக்கு முகவரியை அனுப்பினேன். நம்மை வேலைக்கு வைத்தவருக்குத் தகவல் சொல்வது மரியாதை என்று நினைத்தேன். துங் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “அனுப்பிட்டியா? நல்லது. தேடிப் போற வேலை மிச்சம்” என்றார். அது எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். பதினோரு வருடம் கடையில் நின்றவனுக்கு அது வராதா?

* * *

கடை வாசலில் மூன்று மாடி வீடு ஒன்று நின்றிருந்தது. என் இடுப்பு உயரம். பால்கனி, ஏசி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, வாசலில் கார், காருக்குப் பக்கத்தில் டிரைவர். எல்லாமே மூங்கில் குச்சியும் வண்ணக் காகிதமும். செத்தவர்களுக்கு மேலுலகத்தில் கிடைக்கட்டும் என்று எரிக்கிற வீடு.

எனக்கு உறைத்தது. சீட்டின் பின்பக்கத்தில் துங் அக்கா தேய்த்தது வெள்ளி ரேக்கு. செத்தவர்களுக்கு எரிக்கிற தாள். அதில்தான் அந்த ஆசாமி லிஸ்ட் எழுதியிருக்கிறான். துங் அக்கா போன் போட்டதெல்லாம் இப்படிக் காகிதச் சாமான் செய்கிற கடைகளுக்கு.

“முதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா!”

“நீ அவ்வளவு சந்தோஷமா குடோன் கட்டிக்கிட்டு இருந்தே. கெடுப்பானேன்னுதான்.”

கடைக்காரி ஃபாங் கையில் பசைத் தூரிகையோடு வந்தாள். குரலைக் கேட்டதும் துங் அக்காவை அடையாளம் கண்டுகொண்டாள்.

“போன்ல நீதானா? வாம்மா, வந்து நீயே பாரு. இருபத்தாறு வருஷத் தொழில். ஐநூறு வீடு கட்டியிருக்கேன். ஓட்டை, ஒழுகல்னு ஒருத்தராவது திரும்பி வந்து புகார் சொன்னாங்களா? இந்த ஆளு மட்டும் தகடு ஒண்ணு குறையுது, ஸ்க்ரூ ஒண்ணு குறையுதுன்னு என் உயிரை வாங்கறான்!”

உள்ளே தரையில் ஒரு ஒல்லி மனிதர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்திருந்தார். அவர் முன்னால் ஒரு வெள்ளைக் கம்ப்யூட்டர்.

நான் பக்கத்தில் மண்டியிட்டேன். பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கில் மெஷின் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பதில் செலபேன். அதற்குள் வெள்ளிக் காகிதத்தில் வெட்டிய கூலர், தலைமுடி இடைவெளியில் தகடுகள். அசல் டப்பாவின்மேல் இருந்த படத்தை வெட்டி ஒட்டிய, இரண்டு ஃபேன் வைத்த கார்டு. ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் ஒரு சிலுவைக் கோடு. பக்கத்தில், துண்டு துண்டாக வெட்டிய அட்டைகள் மலையாகக் கிடந்தன. அவர் வாங்கிய காலி டப்பாக்கள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. அந்த நிலையில் அவற்றில் டைல்ஸ் என்ன, தூசியைக்கூட அடைத்து விற்க முடியாது.

“நீங்க யாரு?” என்றார் அவர்.

“துங் பாய்-லிங். உங்களைத் திருடன்னு தேடிக்கிட்டு வந்தோம்” என்றார் துங் அக்கா, குடிக்கத் தண்ணீர் கேட்கிற தொனியில்.

அவர் பெயர் வென் சுங்-யி. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். பொடி வேலை எப்படி வந்தது என்று விளங்கியது.

“என் சிநேகிதன் மிங்-ட்சுன்” என்றார். “பதினேழு வயசுலேருந்து ரெண்டு பேரும் சேர்ந்து மெஷின் கட்டுவோம். நான் தப்பா மாட்டுவேன், அவன் திட்டிக்கிட்டே சரி பண்ணுவான். கடைசியா ஒண்ணு தனக்குன்னு கட்டணும்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே ஒவ்வொரு பாகமா தேர்ந்தெடுத்தான். இது உரசும், அது சூடாகும், தண்ணிக் கூலர் ஒழுகும்னு எட்டு மாசம் ஆராய்ச்சி. நான் வாங்கித் தரேண்டான்னேன். ‘அவசரப்படாத, புது மாடல் வரப் போகுது, விலை இறங்கும்’னான்.”

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

“இன்னும் இறங்கலை” என்றார்.

ஃபாங் தூரிகையைக் கீழே வைத்தாள்.

“கடையில எதுக்குன்னு ஏன் சொல்லலை?” என்றேன்.

“செத்தவனுக்குன்னு சொன்னா எந்தக் கடைக்காரர் தம்பி டப்பா குடுப்பார்? அபசகுனம்னு உப்பைத் தூவி விரட்டுவாங்க. இன்னிக்கு நாலு மணிக்குப் பக்கத்து மண்டபத்துல சடங்கு. அதுக்குள்ள முடிக்கணும்.”

நான் மெஷினைச் சுற்றிவந்தேன். பழக்கதோஷம். பின்பக்கம் போனதும் நின்றேன்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பின்னாடி ஃபேன் திரும்பி ஒட்டியிருக்கு.”

“என்னது?”

“குறுக்குச் சட்டம் இருக்கிற பக்கம்தான் காத்து வெளிய வரும். நீங்க அதை உள்பக்கமா வெச்சிருக்கீங்க. இப்படி இருந்தா வெளிச்சூட்டை உள்ளே இழுக்கும்.”

அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

“எரிக்கப் போற மெஷினுக்குக் கூலிங் எப்படி இருந்தா என்னப்பா?” என்று ஃபாங் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அவன் அதைத்தான் முதல்ல பார்ப்பான்” என்றார் சுங்-யி. கத்தியை எடுத்து ஃபேனைப் பெயர்த்தார். நான் பிடித்துக்கொண்டேன். நான் செய்த இரண்டாவது உருப்படியான காரியம் அது.

துங் அக்கா ஒரு காகித நாற்காலியில் உட்காரப் போய், சுதாரித்து நின்றுகொண்டார். “ஒரே ஒரு விஷயம். மூணாவது மாடியில யாவ் கடைக்கும் போனீங்கல்ல? அவர் எத்தனை டப்பா குடுத்தார்?”

“ஒண்ணுகூட இல்லை. லிஸ்ட்டைக் காட்டிக் கெஞ்சினேன். ‘எனக்கே பத்தலை, போய்யா’ன்னு கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினார். அந்த அவசரத்துலதான் லிஸ்ட்டை விட்டுட்டு வந்துட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“‘எனக்கே பத்தலை’ன்னார்.”

வாசலில் கார் வந்து நின்றது. காகிதக் கார் இல்லை, போலீஸ் கார்.

* * *

முதலில் யாவ் இறங்கினார். கையில் அதே டைல்ஸ் டப்பா. பின்னால் வயதான இன்ஸ்பெக்டர் ஒருவர், அவருக்குப் பின்னால் ஷென் என்று சட்டையில் பெயர் தைத்த கான்ஸ்டபிள்.

“இவன்தான் சார்! பாருங்க, டப்பா எல்லாம் இங்கேயே குவிச்சு வெச்சிருக்கான்!”

ஷென் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். “சார்… இது என் கேபினட் சார். இதே மாடல். வீட்டுல வெச்சிருக்கேன்.”

“நல்லதாப் போச்சு” என்றார் துங் அக்கா. “யாவ் சார் கையில இருக்கிற டப்பாவோட கார்டு அதுல போகுமா தம்பி?”

“மூணு ஃபேனா? சான்ஸே இல்லை மேடம். நான் வாங்கிட்டு வந்து, கதவு மூடாம, மறுநாளே திருப்பிக் குடுத்தேன். பொண்டாட்டி இன்னும் சொல்லிக் காட்டறா.”

“அதனால என்ன?” என்றார் யாவ். “கார்டு போகாட்டி என்ன, டப்பா டப்பாதானே? என் கையாலேயே மூணு குடுத்தேன்!”

“உங்ககிட்ட ஏது சார் காலி டப்பா?” துங் அக்காவின் குரல் உயரவே இல்லை. “கார்டு வாங்கறவன் டப்பாவோட தூக்கிட்டுப் போறான். மத்த கடையில கிடைக்கிறதையும் வெள்ளிக்கிழமை சங்கம் அள்ளிட்டுப் போகுது. சங்கத்துக்குச் செயலாளர் நீங்க. இவர் வந்து கேட்டப்ப ‘எனக்கே பத்தலை’ன்னிருக்கீங்க. உள்ளே சரக்கோட டப்பா விக்கிற கடைக்காரருக்குக் காலி டப்பா எப்படி சார் பத்தாமப் போகும்?”

“அவன் புளுகறான்!”

“இருக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை டப்பாவெல்லாம் எங்கே?”

“எங்கயோ… பழைய பேப்பர்காரன்கிட்ட…”

துங் அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாவின் வலது கை பெல்ட்டில் தொங்கிய சாவிக்கொத்துக்குப் போய், அதில் ஒரு சாவியை மட்டும் பொத்திக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாமல்.

“இன்ஸ்பெக்டர் சார், அந்தப் பித்தளைச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு கேளுங்க.”

யாவ் கையைச் சட்டென்று எடுத்தார். எடுத்திருக்கக் கூடாது.

இன்ஸ்பெக்டர் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். சுங்-யியிடம் வாக்குமூலம் எழுத ஷென் பின்தங்கினான். இருபது நிமிஷத்தில் அவனுக்கு போன் வந்தது. சங்கத்தின் ஸ்டோர் ரூமில் நாற்பது காலி டப்பா, சீல் ஒட்டும் மெஷின், ஒரு முழுக் குளியலறைக்குப் போதுமான டைல்ஸ்.

“இவரே திருடன்னா, நம்மளை எதுக்கு அக்கா கூப்பிட்டார்?”

“சங்கத்துல நச்சரிச்சிருப்பாங்க, துப்பறியறவங்களை வைன்னு. இருக்கிறதுலயே உருப்படாத ஆளாப் பார்த்து வெச்சிருக்கார்.”

“நம்மளையா?”

“உன்னை.”

மணி மூன்றரை. வெள்ளைத் துணி உடுத்திய ஒரு பெண் உள்ளே வந்தாள். மிங்-ட்சுன்னின் அக்கா. பல நாள் தூக்கமில்லாத கண். மெஷினைக் கொண்டுபோக வந்தவள், அதன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுங்-யியிடம் திரும்பினாள்.

“வெள்ளையா?”

“ஏன் அக்கா? லிஸ்ட்ல வெள்ளைதானே…”

“கடைசி வாரம் கறுப்புன்னு மாத்திட்டானே. உன்கிட்ட சொல்லலையா?”

சுங்-யி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “எட்டு மாசம்! எட்டு மாசம் கறுப்பு வாங்குடா, கறுப்பு வாங்குடான்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன். வெள்ளைதான் அழகுன்னு என்னை எருமைன்னான்!”

“அதான் சொல்லலை. ‘அந்த எருமை சொன்னதுதான் சரி, அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத’ன்னான்.”

சுங்-யியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் நினைத்தேன். பாதிவரை அழுகைதான். மீதி சிரிப்பு.

“ஃபாங் அம்மா, கறுப்பு மை இருக்கா?”

“மணி என்ன தெரியுமாய்யா உனக்கு?”

கத்திக்கொண்டே உள்ளே போய் வாளியோடு வந்தாள். ஐந்து தூரிகை. சுங்-யி மேல்பக்கம், மிங்-ட்சுன்னின் அக்கா முன்பக்கம், ஷென் சட்டைக் கையை மடித்துவிட்டு, செலபேன் இல்லாத பக்கம், நான் பின்பக்கம். துங் அக்கா தனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று சொல்லிப் பார்த்தார். அடிப்பக்கத்தைக் கொடுத்தோம்.

“காத்து போற ஓட்டையை அடைச்சிடாதீங்க!” என்று சுங்-யி நிமிஷத்துக்கு ஒருமுறை அலறினார்.

கடைசி மூலை முடிந்தபோது நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. எல்லோருக்கும் முழங்கைவரை கறுப்பு. மிங்-ட்சுன்னின் அக்காவுடைய மூக்கு நுனியிலும் ஒரு தீற்றல். மெஷின் பளபளவென்று நனைந்து நின்றது. சுங்-யி ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதறினார்.

“ஐயோ, இன்னும் காயலையே!”

ஃபாங் வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

“எடுத்துட்டுப் போய்யா. பத்து நிமிஷத்துல நல்லாவே காஞ்சிடும்.”